கூர்முனைக்கு ஒரு காவல்: செங்கோட்டைச் சாரலும் தச்சுப் பட்டறைக் காந்தமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய்க்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ள செங்கோட்டை, மரத்தோடு நெடுங்காலத் தொடர்புடைய ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த இவ்வூருக்கு, கணவாய்க்கு அப்பாலுள்ள ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழைக் காடுகள் அயல் நிலமாக இருந்ததில்லை. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904-இல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் ரயில் அந்தத் தொடர்பை இன்னும் நெருக்கமாக்கியது. மாநில எல்லை மாறிய பின்னும், 2019-இல் தென்காசி தனி மாவட்டமான பின்னும், மர அறுவை மில்களும் மரக்கடைகளும் தச்சுப் பட்டறைகளும் இவ்வூரின் பிழைப்பில் தமக்குரிய இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தேக்கும் வேங்கையும் பலாவும் நிலையாகவும் கதவாகவும் கட்டிலாகவும் உருமாறும் இந்தப் பட்டறைகளில், மரத்தின் தரத்தைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு, அந்த மரத்தை வெட்டும் சிறு கருவிகளின் பராமரிப்பைப் பற்றிப் பேசப்படுவதில்லை. வேலையின் நேர்த்தியோ கடைசியில் மரத்தைத் தொடும் அந்த முனையைப் பொறுத்தே அமைகிறது.

பெருகிவிட்ட பிட்டுகள்

வில்லில் கட்டிய கயிற்றை இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தால் துளையிட்ட காலத்தில், ஓர் ஆசாரியின் பையில் சில துளையூசிகளே இருந்தன. அவற்றை அவரே தீட்டிக்கொண்டார், அவரே துணியில் சுற்றி வைத்தார். மின்சார டிரில்லும் அதன்பின் ரூட்டரும் பட்டறைக்குள் வந்ததும் நிலைமை மாறியது. ரூட்டர் என்பது, நிமிடத்திற்கு ஏறத்தாழ 10,000 முதல் 30,000 சுற்றுகள் வரை சுழலும் ஒரு வெட்டுமுனையைக் கொண்டு, பலகையின் விளிம்பை வளைவாகச் செதுக்கவும், நடுவில் காடி எடுக்கவும், கதவுச் சட்டத்திற்கு அணிவேலை செய்யவும் பயன்படும் இயந்திரம். அதில் பொருத்தப்படும் வெட்டுமுனையே ரூட்டர் பிட். ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு காடி அகலத்திற்கும் தனித்தனிப் பிட் தேவைப்படுவதால், டிரில் பிட்டுகளோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சிறு பட்டறையிலேயே பல டசன் முனைகள் சேர்ந்துவிடுகின்றன. கணினி வழிகாட்டலில் இயங்கும் சி.என்.சி. செதுக்கு இயந்திரம் வாங்கிய பட்டறைகளில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடுகிறது. இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரே தகர டப்பாவிலோ மேசை இழுப்பறையிலோ கொட்டிவைக்கப்படுகின்றன என்பதே சிக்கலின் தொடக்கம்.

டிரில் பிட்டுகளில் பெரும்பாலானவை அதிவேக எஃகால் ஆனவை. சுருக்கமாக எச்.எஸ்.எஸ். என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் இந்த எஃகின் பரவலான வகை ஒன்றில், ஏறத்தாழ 6 விழுக்காடு டங்ஸ்டனும் 5 விழுக்காடு மாலிப்டினமும் 4 விழுக்காடு குரோமியமும் 2 விழுக்காடு வனேடியமும் கலந்திருக்கும். சூடேறினாலும் கூர் மழுங்காத தன்மையை இந்தக் கலவை தருகிறது. ஆனால் ஓர் எஃகு துருப்பிடிக்காமல் இருக்க அதில் குறைந்தது பத்து விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் வேண்டும் என்பதால், விலை உயர்ந்த எச்.எஸ்.எஸ். பிட்டும் சாதாரண இரும்பைப் போலவே துருவுக்கு இலக்காகிறது.

ரூட்டர் பிட்டின் கதை வேறு. அதன் உடலும் தண்டும் எஃகு. வெட்டும் விளிம்பில் மட்டும் கார்பைடு தகடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். கார்பைடு என்பது டங்ஸ்டன் கார்பைடு நுண்மணிகளைக் கோபால்ட் உலோகத்தால் பிணைத்து உருவாக்கிய பொருள். எஃகைவிடப் பல மடங்கு தேய்மானத்தைத் தாங்கக்கூடியது, ஆனால் அடியைத் தாங்காதது. இழுப்பறையைத் திறந்து மூடும்போது இரண்டு பிட்டுகள் ஒன்றோடொன்று மோதினால், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சில்லு விளிம்பிலிருந்து தெறித்துவிடும். அந்த முனையை ரூட்டரில் பூட்டி ஒரு தேக்குப் பலகையின் விளிம்பில் ஓட்டினால், சில்லு விழுந்த இடத்தில் வெட்டுப்படாத மரம், பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லிய வரம்பாக எழுந்து நிற்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கச் செலவாகும் நேரமும், சாணைக்கு அனுப்பவோ புதிய பிட் வாங்கவோ ஆகும் பணமும், பாதுகாப்பாக வைக்க ஒரு தாங்கி செய்வதற்கு ஆகும் செலவைவிட எப்போதும் கூடுதலானவை.

சாரலும் துருவும்

தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே ஈரத்தைச் சுமந்து வரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள், குற்றாலத்தில் அருவிக்குக் கூட்டம் சேரும் சாரல் காலம். செங்கோட்டைப் பட்டறைகளுக்கோ அது துருவின் காலம். காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு உள்ளது என்ற அளவு, 60-ஐத் தாண்டிவிட்டாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடத் தொடங்குகிறது. நாள் கணக்கில் தூறல் விடாத சாரல் நாட்களில் அந்த அளவைத் தாண்டாத பொழுது அரிது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்வதால், ஆண்டில் இருமுறை இந்தச் சோதனை நேர்கிறது.

இத்தகைய ஊரில் மூடிய டப்பாவும் ரெக்ஸின் பையும் பஞ்சு வைத்த பெட்டியும் பாதுகாப்பாகத் தோன்றினாலும், ஒருமுறை உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கின்றன. காற்றோட்டமும், முனைகளுக்கிடையே இடைவெளியும், எந்த முனையில் துருப் புள்ளி விழுந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும் திறந்த அமைப்பும் இங்கே தேவை. இந்த மூன்றையும் ஒருசேரத் தருவதாலேயே, முனைகளைக் காந்தத்தால் பிடித்து நிறுத்தும் காந்தத் தாங்கி, மழைப் பகுதிப் பட்டறைக்கு மிகவும் பொருந்திய ஏற்பாடாகிறது.

கடற்கரை மணலிலிருந்து பட்டறைக்கு

பட்டறைக்குப் பயன்படும் நிலைக்காந்தங்கள் இரு வகை. இரும்பு ஆக்சைடோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்துச் சுட்டெடுக்கப்படும் ஃபெரைட் காந்தம் கறுப்பு நிறத்தில், பழைய ஒலிபெருக்கிகளின் பின்புறத்தில் வளையமாக இருக்கும். விலை குறைவு, துருப்பிடிக்காது. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த நியோடிமியம் காந்தம், அதே அளவுள்ள ஃபெரைட்டைவிடப் பல மடங்கு வலிமையானது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனத்தில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன ஆய்வாளர்களும் தனித்தனியே இதை உருவாக்கினர்.

இந்தக் காந்தத்தின் மூலப்பொருளுக்கும் தென் தமிழகத்திற்கும் உள்ள உறவு ஆழமானது. நியோடிமியத்தை 1885-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்கே, தோரியம் பூசிய காஸ் விளக்கு வலையையும் கண்டறிந்தவர். அந்த வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலத்தில், ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் 1909-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் கனிமத்தை அடையாளம் கண்டார். தோரியத்தோடு நியோடிமியம் உள்ளிட்ட அருமண் தனிமங்களையும் தாங்கிய கனிமம் அது. மணவாளக்குறிச்சி அமைந்த கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் 1956-இல் ஒரே நாளில் சென்னை மாநிலத்தோடு இணைந்தவை. இன்று மணவாளக்குறிச்சியில் இந்திய அருமண் நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கனிம மணலைப் பிரித்தெடுக்கிறது. ஆகவே பட்டறைச் சுவரில் பதியும் ஒரு சிறு காந்த வில்லை, இந்த மண்ணுக்கு முற்றிலும் அந்நியமான பொருளாகாது.

புதிய காந்தம் வாங்க இயலாதவர்களுக்குப் பழுதான கணினி ஹார்டு டிஸ்க் ஒரு நல்ல மூலம். அதைத் திருகு கழற்றிப் பிரித்தால், பிறை வடிவ நியோடிமியம் காந்தங்கள் தடித்த இரும்புத் தகட்டில் ஒட்டியபடியே கிடைக்கும். அந்தத் தகட்டைப் பெயர்க்காமல் அப்படியே பயன்படுத்துவதே சிறப்பு. அதற்கான காரணம் காந்த விசையின் இயல்பில் இருக்கிறது.

விசையின் மூன்று விதிகள்

முதலாவது, காந்தத்திற்கும் இரும்புக்கும் இடையே தூரம் கூடக்கூட இழுவிசை மிக விரைவாகக் குறைகிறது. 10 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட ஒரு நியோடிமியம் வில்லை, தட்டையான கனத்த இரும்பை நேரடியாகத் தொடும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ விசையோடு பிடிக்கும். இடையில் சில மி.மீ. மரம் வந்தாலே அந்தப் பிடியின் பெரும்பகுதி போய்விடும். அத்துடன், உருளை வடிவத் தண்டு தட்டையான பரப்பை ஒரு கோட்டில் மட்டுமே தொடுவதால், காந்தத்தின் அட்டையில் எழுதியுள்ள விசை பிட்டுக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது, காந்தத்தின் பின்புறம் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, அடுத்தடுத்த காந்தங்களின் வடமுனையும் தென்முனையும் மாறிமாறி முன்னோக்குமாறு அமைத்தால், பின்பக்கம் வீணாகும் காந்தப் பாய்வு பட்டை வழியே திரும்பி முன்பக்கப் பிடியை வலுப்படுத்துகிறது. ஹார்டு டிஸ்க் தகட்டைப் பெயர்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவது, நேராக இழுத்துப் பிரிக்கத் தேவைப்படும் விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே, காந்தத்தில் ஒட்டிய பொருள் கீழ்நோக்கி வழுக்கிவிடும். எனவே சுவரில் தொங்கும் பிட்டின் எடையைக் காந்தத்தின் பொறுப்பில் விடுவது தவறான வடிவமைப்பு. எடையை மரம் தாங்க வேண்டும். முன்பக்கம் சாயாமல் பிடிப்பது மட்டுமே காந்தத்தின் வேலையாக இருக்க வேண்டும்.

செய்முறை

டிரில் பிட்டுகளுக்கான சுவர்த்தாங்கிக்கு, நன்கு உலர்ந்த தேக்குத் துண்டு ஒன்று போதும். அறுவை மில்லின் கழிவிலேயே அது கிடைத்துவிடும். ஈரம் உலராத மரமும் துவர்ப்பு மிகுந்த கருவேல மரமும் இரும்பைக் கறுக்கவைத்து அரிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பலகையின் பின்புறத்தில் ரூட்டரால் ஒரு நீள்காடி எடுத்து, முன்பக்கம் ஒரு மி.மீ. அளவுக்கு மட்டும் மரத்தை விட்டுவைத்து, காடிக்குள் காந்த வில்லைகளை வரிசையாகப் பதித்து, 3 மி.மீ. இரும்புப் பட்டையால் மூட வேண்டும். முன்பக்கத்தில் ஆழமில்லாத வளைகாடிகள் செதுக்கினால் உருளைத் தண்டு பொருந்தி உட்காரும். ஆனால் அந்த இடத்தில் எஞ்சும் மரம் மெல்லியதாகிவிடும் என்பதைக் கணக்கில் கொண்டு, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. பலகையின் அடியில் ஒரு சிறு விளிம்புச் சட்டம் அடித்து, பிட்டுகளைத் தண்டு கீழாகவும் முனை மேலாகவும் அதன்மேல் நிறுத்தினால், எடையைச் சட்டம் ஏற்கும், வெட்டும் விளிம்பை எதுவும் தொடாது. 12 மி.மீ. டிரில் பிட்டின் பொதுவான நீளம் 151 மி.மீ., 6 மி.மீ. பிட்டின் நீளம் 93 மி.மீ. என்பதால், காந்தவரிசை சட்டத்திலிருந்து 25 மி.மீ. உயரத்தில் இருந்தால் இந்த அளவுகளுக்குத் தண்டுப் பகுதியிலேயே பிடி கிடைக்கும்.

ரூட்டர் பிட்டுகளுக்குக் கட்டை வடிவத் தாங்கியே ஏற்றது. 40 மி.மீ. தடிமனுள்ள கட்டையில், தண்டின் விட்டத்தைவிட அரை மி.மீ. பெரிதாக, 25 மி.மீ. ஆழத்திற்குத் துளைகள் இட்டு, ஒவ்வொரு துளையின் அடியிலும் ஒரு சிறு காந்தத்தை எபாக்சி பசையால் ஒட்ட வேண்டும். மரத்துக்குப் பயன்படும் வெள்ளைப் பசை உலோகத்தில் சரியாகப் பிடிக்காது. துளைகளின் இடைவெளியைத் தண்டின் அளவால் முடிவுசெய்யாமல், பிட்டின் தலை அகலத்தோடு விரல் நுழையும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தண்டும் முழுக் கார்பைடாக உள்ள பிட்டுகளைக் காந்தம் மிக மெலிதாகவே இழுக்கும் என்பதால், அவற்றுக்குத் துளையின் பொருத்தமே முதன்மையான பிடி.

நியோடிமியம் காந்தம் பீங்கானைப் போல் எளிதில் உடையக்கூடியது. அதைச் சுத்தியலால் தட்டிப் பதிக்கக் கூடாது, துளையிடவும் கூடாது. நிக்கல் பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் புகுந்தால் காந்தம் உள்ளிருந்தே பொடியாகிவிடும் என்பதால், சாரல் ஊரில் அதன் மேற்பரப்பையும் எபாக்சியால் மெல்லப் பூசி மூடுவது நல்லது. சாதாரண வகைக் காந்தங்கள் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்குகின்றன. துளையிட்ட சூட்டோடு பிட்டை அதில் வைக்காமல் ஆறவிட வேண்டும்.

எல்லையறிந்த பயன்பாடு

காந்தம் துருவைத் தடுப்பதில்லை. துரு தெரியும்படி வைக்கவே அது உதவுகிறது. மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் பிசினையும் மரத்தூளையும் துடைத்து, இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவி வைக்கும் பழக்கம் இல்லையென்றால், எந்தத் தாங்கியும் பயன் தராது. சாணைக்கல் அருகே தாங்கியை மாட்டினால் இரும்புத் துகள்கள் அதில் ரோமம் போல் ஒட்டிக்கொள்ளும்; அவற்றை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம். காந்தத்தோடு நெடுநாள் இருந்த எஃகுப் பிட் தானும் சற்றுக் காந்தமாகும். மரவேலைக்கு அதனால் குறையில்லை. இரும்பில் துளையிடும் பிட்டிலோ துருவல்கள் ஒட்டி வேலையைக் கெடுக்கும் என்பதால், அவற்றைத் தனியே வைப்பதே முறை. வல்லமை மிகுந்த காந்த வில்லைகளைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டு உயிருக்கே ஆபத்தாகும். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்களும் இவற்றை உடலை ஒட்டிக் கொண்டுசெல்லக் கூடாது.

இவ்வளவு கவனத்திற்கும் ஈடாகக் கிடைப்பது பெரிது. அளவு வாரியாக, எண் எழுதிய வரிசையில் பிட்டுகள் நிற்கும் பட்டறையில், திரும்பி வராத ஒன்றின் வெற்றிடம் மாலையிலேயே தெரிந்துவிடும். மழுங்கியது எது, சாணைக்குப் போக வேண்டியது எது என்பதும் வேலை தொடங்கும் முன்பே தெரியும். தச்சுத்தொழில் கற்க வரும் இளைஞருக்கு முதல் பயிற்சியாக இத்தகைய தாங்கி ஒன்றைத் தானே செய்துகொள்ளச் சொல்வது, எந்தத் தொழிற்பயிற்சி நிலையமும் எந்த மூத்த ஆசாரியும் எளிதில் மேற்கொள்ளக்கூடிய வழக்கம். அளவெடுப்பதும் காடி எடுப்பதும் துளையிடுவதும் பசையிடுவதும் அந்த ஒரு வேலையிலேயே வந்துவிடுகின்றன. கருவியைப் பேணுவது தொழிலுக்குப் புறம்பான வேலை என்ற எண்ணமும் தொடக்கத்திலேயே நீங்கிவிடுகிறது. மலையிலிருந்து வரும் மரம் அருகிவரும் காலத்தில், கிடைக்கும் ஒவ்வொரு பலகையையும் கூர்மையான முனையால் வீணாக்காமல் வெட்டுவது, மரத்தால் வாழும் ஊர் அந்த மரத்துக்குச் செய்ய வேண்டிய கடமை.