டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை கல்லீரலைக் கெடுக்குமா?

நடுவயதைத் தாண்டிய ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. அறிகுறிகளோடு ரத்தப் பரிசோதனையும் குறைபாட்டை உறுதிசெய்தால், மருத்துவர்கள் பெரும்பாலும் ஊசியோ ஜெல்லோ தருகிறார்கள். ஏன் சாதாரண மாத்திரை தருவதில்லை?

விழுங்கும் மருந்து குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்குள்ள நொதிகள் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதியை உடனே சிதைத்துவிடும். இதைத் தடுக்க, மூலக்கூறின் 17ஆம் கார்பனில் மீத்தைல் தொகுதியைச் சேர்த்து மாத்திரை செய்தார்கள். நொதிகளிடமிருந்து ஹார்மோன் தப்பியது; கல்லீரல்தான் மாட்டிக்கொண்டது. சிலருக்குப் பித்தநீர் தேங்கி மஞ்சள் காமாலை வந்தது. கல்லீரலில் ரத்தம் நிறைந்த பைகளும், அரிதாகக் கட்டிகளும் உருவாயின.

ஊசியும் ஜெல்லும் இந்த முதல் சுற்றைத் தவிர்க்கின்றன. அவற்றில் மீத்தைல் மாற்றமும் இல்லாததால் கல்லீரல் பாதிப்பு மிக அரிது. அண்டெகனோயேட் என்ற வகையை மட்டும் விழுங்கலாம். உணவிலுள்ள கொழுப்போடு சேர்ந்து பெருமளவு நிணநீர் வழியே ரத்தத்தை அடைகிறது.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களிடம் கொழுப்புக் கல்லீரல் அதிகம் காணப்படுவது உண்மை. அதற்காக இந்த ஹார்மோன் கல்லீரலுக்கான மருந்தாகிவிடாது. எடைக் குறைப்பும் உடற்பயிற்சியுமே கொழுப்புக் கல்லீரலுக்கு முதல் சிகிச்சை. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஸ்டீராய்டு மாத்திரைகளில் பல அந்தப் பழைய மீத்தைல் வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.