குமிழைக் குறைத்தால் சூடு கூடுவதேன்?

பாட்டரி எலிமினேட்டரை உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். கல்லூரி ஆய்வகங்களில் அதற்கு ஓர் அண்ணன் உண்டு. குமிழைத் திருப்பி 0 முதல் 30 வோல்ட் வரை வேண்டிய மின்னழுத்தத்தைப் பெறலாம். அப்படிப்பட்ட ஒரு மின்வழங்கியில் குமிழ் 5-இல் இருக்கிறது. மீட்டர் முள்ளோ 30-ஐத் தாண்டி முட்டி நிற்கிறது. எப்படித் திருப்பினாலும் அசையவில்லை. 5 வோல்ட் ஐ.சி. ஒன்றை இணைத்திருந்தால் அது அக்கணமே பாழ். என்ன ஆயிற்று?

பெட்டியின் பின்புறம் கறுப்பு அலுமினியத் தகட்டில் சிறு தொப்பி போல ஓர் உலோக உறுப்பு இருக்கும். அது பெரும்பாலும் 2என்3055 என்னும் டிரான்சிஸ்டர். மின்மாற்றி, டையோடுகள், மின்தேக்கி மூன்றும் சேர்ந்து தருவது சுமார் 40 வோல்ட் என்று கொள்வோம். அதற்கும் வெளிமுனைக்கும் நடுவே இந்த டிரான்சிஸ்டர் காவலாளியாக நிற்கிறது. வெளியே 30 வோல்ட் போதுமென்றால் மீதி 10 வோல்ட்டைத் தானே தாங்கிக்கொள்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. மின்னோட்டம் 2 ஆம்பியர். வெளியீடு 30 வோல்ட் எனில் டிரான்சிஸ்டரில் வெப்பமாக மாறுவது 10 × 2 = 20 வாட். வெளியீட்டை 5 வோல்ட்டாகக் குறைத்தால்? 35 × 2 = 70 வாட்! குறைத்தால் சுமையும் குறையும் என்றுதானே நினைத்தீர்கள்? வெளிமுனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், மின்னோட்டம் 2 ஆம்பியருக்குள் கட்டுப்பட்டிருந்தாலும், 80 வாட்.

"இது 115 வாட் தாங்கும் என்று அட்டவணையில் போட்டிருக்கிறதே" என்பீர்கள். கூடு 25 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளேயுள்ள சிலிக்கன் சந்தி, கூட்டைவிடச் சுமார் 1.5 டிகிரி கூடுதலாகச் சூடேறும். 70 வாட்டுக்கு 105 டிகிரி. கூடே 100 டிகிரியை எட்டிவிட்டால் சந்தி 205. அதன் எல்லையோ 200. சந்தி பழுதாகி ஏற்பானும் உமிழ்ப்பானும் ஒட்டிக்கொள்கின்றன. காவலாளி விழுந்தான், 40 வோல்ட் அப்படியே வெளியே!

பெட்டிக்குள் 230 வோல்ட் உண்டு; ஆசிரியர் உடனில்லாமல் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை ஒரு மின்தடை வழியாக வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கழற்றிய டிரான்சிஸ்டரின் ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே மல்டிமீட்டர் இரு திசையிலும் ஏறத்தாழ 0 ஓம் காட்டினால் ஆள் முடிந்தது.

உடனே புதியதை மாட்டத் துடிப்பவர்கள் பலர். அதுவும் போகும். பழையது ஏன் செத்தது என்று முதலில் பாருங்கள். தகட்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே மெல்லிய மைக்கா ஏடு ஒன்று இருக்கும். அதில் தடவிய பசை காய்ந்திருந்தால் வெப்பம் தகட்டுக்குச் சரியாக இறங்காது. இரண்டு டிரான்சிஸ்டர்கள் பக்க இணைப்பில் இருந்தால், ஒவ்வோர் உமிழ்ப்பானிலும் உள்ள சிறு மின்தடையை அளந்துவிடுங்கள். ஒன்று அறுந்திருந்தால் முழுச்சுமையும் மற்றதன் தலையில். இவற்றை இயக்கும் சிறிய டிரான்சிஸ்டரும் கூடவே போயிருக்கலாம்.

முதன்முறை மின்சாரம் தரும்போது 230 வோல்ட் இணைப்பில் தொடராக ஒரு 60 வாட் இழைபல்பைப் போடுவது ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். உள்ளே இன்னும் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். புதிய டிரான்சிஸ்டர் தப்பும். எல்லாம் சரியென்றால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சூடேறச் சூடேற மின்தடை கூடுகிற இழைதான் இங்கே வேண்டும்.