நடிகனுக்காகக் காத்திருக்கும் ஒலி



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றிலே ஒலிபெருக்கி, கசற் பிளேயர், மடிக்கணினி என்று பேசத் தொடங்கினால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் நாடகம் அச்சோடு முடிந்துவிடுகிற இலக்கியம் அல்லவே. “தூரத்தில் பறை கேட்கிறது” என்று ஆசிரியர் பிரதியிலே மூன்று சொற்களை எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அந்த மூன்று சொற்களையும் மேடையில் மெய்யாக்குவதற்குத் திரைக்குப் பின்னால் ஒருவர், ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்தபடி, காத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கையில் எப்படிப்பட்ட கருவி இருக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாட்டிய நாடகம் பழக்குகிற ஆசிரியர்களும், ஊரிலே நாடகம் போடுகிற இளைஞர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “எந்தப் பிளேயரிலே சத்தம் துல்லியமாக வரும்?” துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருவியைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. அது காத்திருக்குமா? காத்திருந்துவிட்டு, தொட்ட கணத்திலே தொடங்குமா? நிறுத்தென்றால் நிற்குமா?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது நம்முடைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். மத்தளத்தோடு நிற்கிற அண்ணாவியாரின் கண் எப்போதும் கூத்தனின் காலிலே இருக்கும். கூத்தன் களைத்துப்போனால் ஒரு தீர்மானத்தை முன்னதாகவே கொடுத்து அவனை நிறுத்திவிடுவார். அவன் உற்சாகத்தில் இருந்தால் இன்னும் இரண்டு சுற்று ஆட விடுவார். பாட்டின் அடி மறந்துபோனால் பிற்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார்கள். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்துகளைச் செம்மைப்படுத்தி, விடிய விடிய ஆடியவற்றைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தபோதுகூட இந்த உறவை அவர் கைவிடவில்லை. மத்தளமும் சல்லரியும் மேடையிலேயே, ஆடுபவரைப் பார்த்துக்கொண்டே ஒலித்தன.

பதிவு செய்த இசைக்குக் கண் கிடையாது. அதற்கு ஆட்டக்காரியின் மூச்சு வாங்குவது தெரியாது. வசனம் மறந்த நடிகனின் தவிப்பும் தெரியாது. அந்தக் கண்ணாக இருக்க வேண்டியவர் கருவியை இயக்குபவர்தான். அவர் கண்டதை உடனே செய்யக்கூடிய கருவியே மேடைக்கு ஏற்ற கருவி. ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியானாலும் ஐந்து இலட்சம் ரூபாய்ப் பெட்டியானாலும் எனக்கு அளவுகோல் இதுதான்.

வானொலிக் கலையகங்களில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. இசைத்தட்டுக் காலத்திலே, பாட்டின் முதல் ஒலி எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊசியை வைத்துக் கண்டுபிடித்து, தட்டைக் கையாலே கொஞ்சம் பின்னோக்கித் திருப்பி வைப்பார்கள். சுழல்மேசை முழு வேகம் எடுக்கவும் பாட்டுத் தொடங்கவும் சரியாக இருக்கும். பின்பு ஸ்பூல் வந்தது. செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிற நாடாவிலே அரைச் செக்கன் ஒலி ஏறத்தாழ ஒரு சாண் அரைவாசி நீளம் இருக்கும். அதைக் கண்ணாலே அளந்து, சவர அலகால் வெட்டி, ஒவ்வொரு ஒலிக்கும் முன்னால் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டிவிடுவார்கள். ஒலியே பதியாத நாடா அது. அந்த வெள்ளை தலைக்கு முன்னால் வந்து நின்றதென்றால் அடுத்த ஒலி தயார். இருட்டிலே நிற்பவருக்கும் தெரியும்.

1963இலே பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசற், இந்த வசதியைப் பறித்துவிட்டு மலிவைத் தந்தது. கசற்றில் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர்தான் ஓடுகிறது. அதுவும் பெட்டிக்குள்ளே ஒளிந்து ஓடுகிறது. வெட்டவும் முடியாது, பார்க்கவும் முடியாது. ஆகவே கெட்டிக்கார நெறியாளர்கள் ஒரு நாடகத்துக்குப் பத்து ஒலி வேண்டுமென்றால் பத்துக் கசற் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் பென்சிலாலே சுற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, மேசையில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். இன்று சிரிப்பாக இருக்கலாம். ஆனால் “ஒரு ஒலிக்கு ஒரு கசற்” என்ற அந்த ஏற்பாட்டைவிட நல்ல ஏற்பாடு பல ஆண்டுகளுக்கு வரவில்லை.

கசற்றின் உண்மையான ஆபத்துச் சுருதியிலே இருந்தது. நாடாவின் வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கும். நூற்றுக்கு மூன்று குறைந்தாலே சுருதி கால் கட்டை இறங்கி, பத்து நிமிட உருப்படி ஏறத்தாழ 18 செக்கன் நீண்டுவிடும். பதிவுக்கு ஆடுபவர் எப்படியோ சமாளிப்பார். மேடையிலே ஒரு வயலினோ புல்லாங்குழலோ நேரில் சேர்ந்து வாசித்தால் என்ன கதி? வாத்தியக்காரர் பதிவுக்கு ஏற்பத் தம்முடைய தந்தியை முறுக்கிக்கொண்டிருப்பார். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மின்சாரம் நின்ற பின்னர் யாழ்ப்பாணத்திலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாலே சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் பாட்டுக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களிடையே இருப்பார்கள். கை களைக்கக் களைக்கப் பாட்டும் இழுபட்டது அவர்களுக்கு நினைவிருக்கும்.

சீடியும் கணினியும் வந்து சுருதிப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தன. எண்களாகப் பதிந்த ஒலி வேகம் மாறாது. இன்னும் ஒரு படி மேலே போய், பாடகிக்குத் தடிமன் பிடித்துச் சுருதியை அரைக் கட்டை இறக்க வேண்டுமென்றாலும், தாளத்தின் வேகம் மாறாமல் இறக்கித் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் தொடங்குவதும் நிறுத்துவதும்? வீட்டுச் சீடி பிளேயரை அழுத்திவிட்டுப் பாருங்கள். தட்டுச் சுழன்று, இடம் தேடி, ஒரு செக்கனோ இரண்டு செக்கனோ கழித்துத்தான் ஒலி வரும். கதவு தட்டுகிற சத்தத்துக்காக நடிகன் திரும்பிப் பார்த்துவிட்டான். சத்தம் பிறகு வருகிறது. சபை சிரிக்காமல் என்ன செய்யும்?

சோனி நிறுவனம் 1992இலே கொண்டுவந்த மினிடிஸ்க் மேடைக்காரருக்குக் கிடைத்த வரம் என்பேன். சிறிய தட்டு, விரும்பிய இடத்தில் துண்டாக்கலாம், வரிசையை மாற்றலாம், மேடைக்கென்று செய்த பெட்டிகளிலே ஒரு துண்டு முடிந்ததும் அடுத்ததின் வாசலிலே போய்த் தானாக நின்றுகொள்ளும். பழைய வெள்ளை நாடாவின் குணம் அது. வெளிநாட்டு அரங்குகள் பலவற்றிலும் அதுவே ஒலிமேசையை ஆண்டது. ஆனால் அந்தக் கருவிகளை அனுப்புவதைச் சோனி 2013இலே நிறுத்திவிட்டது; வெற்றுத் தட்டுகளின் உற்பத்தியும் 2025 பெப்ரவரியோடு முடிந்தது. யாரிடமாவது பழையது கிடைத்தால் நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு நாடகத்தை அதை நம்பித் தொடங்க வேண்டாம்.

இப்போது பெரும்பாலானோர் கையில் எடுப்பது கைத்தொலைபேசி. அதைப் பற்றி ஒரு காட்சியைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பாடசாலை மண்டபத்திலே சிலப்பதிகார நாட்டிய நாடகம். கண்ணகியாக ஆடியது பதினான்கு வயது மதிக்கத்தக்க பிள்ளை. பாண்டியன் சபைக்குள் நுழைகிற இசை முடிந்தது. பிள்ளை சிலம்பைக் கையிலே உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றாள். வசனத்துக்கு முன்னால் அந்த மௌனத்தை அவ்வளவு அழகாகப் பிடித்து வைத்திருந்தாள். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி தானாகவே அடுத்த பதிவுக்குப் போய்விட்டது. அடுத்த பதிவு மதுரை எரிகிற இசை! வழக்குரைப்பதற்கு முன்னரே மதுரை பற்றி எரிந்தது. பிள்ளை திகைத்து ஆசிரியையைப் பார்த்தாள். பின்பு வசனத்தைச் சொன்னாள். ஆனால் அந்த மௌனம் திரும்பி வரவில்லை.

தொலைபேசியின் குற்றமல்ல அது. பாட்டுக் கேட்பதற்கென்று செய்த மென்பொருள் ஒன்று முடிந்ததும் மற்றொன்றைத் தருவதையே சேவை என்று நினைக்கிறது. மேடைக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. ஆகவே மேடைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளைத் தேடுங்கள். மக் கணினி வைத்திருப்பவர்களுக்குக் கியூலாப் என்பது இருக்கிறது. மற்றக் கணினிகளுக்கும் அவ்வகையானவை உண்டு. அவற்றிலே ஒலிகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தி வைக்கலாம். ஒரு விசையை அழுத்தினால் ஒன்று ஒலிக்கும். மீண்டும் அழுத்தும்வரை அடுத்தது அசையாது. மெல்ல அடங்கச் சொன்னால் அடங்கும். பிரதியின் ஓரத்திலே பென்சிலால் அதே எண்ணை எழுதி வைத்துவிட்டால் இயக்குபவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

தொலைபேசிதான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள். அழைப்பும் வராது, அறிவிப்பு மணியும் அடிக்காது. இணையத்திலிருந்து நேரே பாட்டை ஓடவிடுவதை நினைத்தும் பார்க்கவேண்டாம். சலங்கை பூசையின் நடுவிலே சவர்க்கார விளம்பரம் கேட்க யார் விரும்புவார்கள்? ஒலிக்கோப்புகளை முன்னரே வேவ் வடிவிலே சேமித்து வையுங்கள். நிமிடத்துக்குப் பத்து மெகாபைற் அளவு இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். எம்பி3 வடிவம் ஒலியின் தலைப்பிலே ஒரு சிறு வெறுமையைச் சேர்த்துவிடுகிறது. தனிப் பாட்டுக்கு அது பொருட்டல்ல. தம்புராச் சுருதியையோ மழை ஓசையையோ திரும்பத் திரும்பச் சுற்றவிடும்போது ஒவ்வொரு சுற்றிலும் விக்கல் எடுக்கும்.

புளூரூத் பற்றியும் கேட்கிறார்கள். வயர் இல்லாமல் போகிற ஒலி சாதாரணமாகச் செக்கனில் பத்திலொரு பங்கு, ஐந்திலொரு பங்கு என்று பிந்தித்தான் ஒலிபெருக்கியை அடையும். பதிவுக்கு மட்டும் ஆடுபவருக்கு இதனாலே தீங்கில்லை. அவர் கேட்பதற்குத்தானே ஆடுகிறார். நடிகனின் செயலுக்கு ஒலி பதில் சொல்ல வேண்டிய இடங்களில்தான் வினை. துவக்கை நீட்டினான், விழுந்தான், பிறகு வெடிச்சத்தம் என்றாகிவிடும். இடையிலே நாலு பேர் நடந்தால் தொடர்பு அறுந்துபோவதும் உண்டு. ஒரு நல்ல வயர் வாங்குகிற காசு அவ்வளவு பெரிதல்ல.

வயரைச் சொன்னதும் இரைச்சல் நினைவுக்கு வருகிறது. மடிக்கணினியை மிக்சரில் இணைத்ததும் “ம்ம்ம்” என்று ஒரு முனகல் கேட்டால், சார்ஜர் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். கணினியும் மிக்சரும் வெவ்வேறு வழியாக நிலத்தொடுப்புக் கொள்வதாலே வருகிற முனகல் அது. நிரந்தரமாகத் தீர்க்க, இரண்டுக்கும் நடுவிலே டி.ஐ. பெட்டி என்கிற சிறு பெட்டியை வைப்பார்கள். அதற்குள் இருக்கிற சிறு மின்மாற்றி ஒலியை மட்டும் கடத்திவிட்டு, மின்தொடர்பைப் பிரித்துவிடும். ஒலிபெருக்கி வாடகைக்குத் தருபவரிடம் கேட்டால் அவரிடமே இருக்கும். கேட்காவிட்டால் கொண்டுவரமாட்டார்.

பிளேயருக்கு இவ்வளவு பார்த்துவிட்டு, ஒலி எங்கிருந்து வரவேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. சாமுவேல் பெக்கற் 1958இலே எழுதிய ‘கிறப்ஸ் லாஸ்ற் ரேப்’ நாடகத்தில் ஒரு கிழவன் மேசையிலே ரேப் ரெக்கோடரை வைத்துக்கொண்டு, தன்னுடைய பழைய குரலைக் கேட்டுக்கொண்டிருப்பான். அந்தக் குரல் மண்டபத்தின் இரண்டு பக்கத்துப் பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து வந்தால் நாடகம் செத்துப்போகும். மேசைக்குள் ஒரு சிறிய ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, இயக்குபவர் உள்ளேயிருந்து அதற்கு ஒலியை அனுப்பினால் கிழவன் அந்தப் பெட்டியோடுதான் பேசுகிறான் என்று சபை நம்பும். முதலில் எந்தத் திசையிலிருந்து ஒலி வந்ததோ அங்கேதான் ஒலி பிறந்தது என்று காது முடிவு செய்துகொள்கிறது. ஆகவே மேடையில் ஒரு றேடியோ பாடவேண்டுமென்றால் அந்த றேடியோவே பாடட்டும். இதற்கு வீட்டிலே கிடக்கிற சிறிய ஒலிபெருக்கி ஒன்று போதும்.

ஆடுபவருக்கும் ஒலி போய்ச் சேரவேண்டும். நம்முடைய வெப்பத்திலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடுகிறது. மண்டபம் 25 மீற்றர் நீளமென்றால், முன்னால் இருக்கிற ஒலிபெருக்கியின் சத்தம் பின்சுவரிலே பட்டு மேடைக்குத் திரும்பி வரச் செக்கனில் ஏழிலொரு பங்கு ஆகும். துரித காலத்தில் அடி வைக்கிற பிள்ளைக்கு அது ஒரு சொற்கட்டின் இடைவெளி. நேரொலியும் எதிரொலியும் கலந்து கேட்கையில் காலிலே தாளம் தடுமாறுகிறது. பார்ப்பவர்கள் பிள்ளைக்குத் தாளம் போதாது என்கிறார்கள். பக்கத் திரைக்குள் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளை மேடையை நோக்கித் திருப்பி வைத்தாலே இந்தப் பழி நீங்கும். பணம் குறைவாக இருந்தால், பெரிய ஒலிபெருக்கியில் ஒன்றைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கடைசியாக மின்வெட்டு. 2022இலே நாள்தோறும் மணிக்கணக்காக இருட்டிலே இருந்த நமக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கசற் பெட்டி மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே நிற்கும். வந்ததும் ஒரு முறை முனகிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடும். மடிக்கணினிக்குப் பற்றரி இருக்கிறதல்லவா? மிக்சரும் அம்பிளிபயரும் அடங்கிப்போன பின்பும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேற்றர் தொடங்கி ஒலி திரும்பும்போது இசை ஒரு நிமிடம் முன்னாலே போயிருக்கும். ஆகவே விளக்கு அணைந்த கணத்திலே இயக்குபவரின் கை முதலில் நிறுத்துகிற விசைக்குப் போகவேண்டும். ஒத்திகையின் நடுவிலே சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரத்தை நிறுத்தி இதையும் பழக்குங்கள். மேடையிலே நிற்பவர்களும் இருட்டிலே அசையாமல் நிற்கப் பழகிக்கொள்வார்கள்.

ஒலியை இயக்குவதற்கு யாரை இருத்துவது என்றும் கேட்பீர்கள். கணினி தெரிந்த பையனைப் பிடித்து, மேடையேற்ற நாளன்று காலையில் பிரதியைக் கையிலே கொடுக்கிறோம். அப்படிச் செய்யாமல், முதல் ஒத்திகையிலிருந்தே கூட இருந்தவரை இருத்துங்கள். கண்ணகி எந்த இடத்திலே மூச்சை இழுப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய இருக்கை மேடை முழுவதும் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். மேசையிலே நீலத் தாள் சுற்றிய ஒரு சிறு விளக்கு. பக்கத்திலே, அதே ஒலிகள் அதே வரிசையில் சேமித்த இன்னொரு கருவி, மிக்சரின் அடுத்த வாயிலில் ஏற்கெனவே இணைக்கப்பட்டபடி.