சாய்ந்த சுவர்களுக்குள் ஒரு சாட்சியம்

போர் அருங்காட்சியகம் என்றவுடன் தங்கள் மனக்கண்ணில் எழுவது யாது? உயர்ந்த தூண்கள், பளிங்குப் படிக்கட்டுகள், வாசலிலே வாளேந்தி நிற்கும் தளபதியின் சிலை ஆகியவைதாமே? கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த 60ஆம் ஆண்டு நிறைவு நாளாகிய 2005 மே 8 அன்று திறக்கப்பட்ட போர் அருங்காட்சியகத்தைக் காணச் செல்பவர், தூணையும் பளிங்கையும் தேடி ஏமாற வேண்டியதுதான். ஆற்றங்கரையோரம் நிலமே மெல்ல மேலெழும்பிக் கூரையானது போல் கிடக்கிறது அக்கட்டடம். கூரையின் மீது புல் வளர்ந்திருக்கிறது. உள்ளே சென்றால், பூசப்படாத கரடுமுரடான கான்கிரீட் சுவர்கள் நேராக நில்லாமல் சாய்ந்து நிற்கின்றன. தரையும் சில இடங்களில் சரிகிறது. வேலை முடியுமுன் கொத்தனார்கள் போய்விட்டார்களோ என்று நம்மவர் ஐயுறக்கூடும்!

போர் ஒரு மண்ணைச் சிதைத்த பிறகும் அந்த மண்ணில் புல் முளைக்கிறது என்பதே இதன் உட்கருத்து. இதை வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. அவருடைய வரலாற்றை அறியாமல் இக்கட்டடத்தை அறிய முடியாது.

1929இல் கனடாவின் வான்கூவர் நகரில், ஜப்பானிய வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தவர் மொரியாமா. 1942இல், ஜப்பானுடன் போர் மூண்டதைக் காரணம் காட்டி, கனடா அரசு அந்த வம்சாவளியைச் சேர்ந்த ஏறத்தாழ 22,000 பேரைக் கடற்கரைப் பகுதியிலிருந்து அப்புறப்படுத்தியது. அவர்களிற் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். வீடுகளும் கடைகளும் படகுகளும் பறிக்கப்பட்டு விற்கப்பட்டன. மொரியாமாவின் தந்தையார் தொலைவிலுள்ள போர்க்கைதி முகாமுக்கு அனுப்பப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான மொரியாமா, தாயுடனும் உடன்பிறந்தாருடனும் மலைநாட்டிலே ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு முகாமில் அடைக்கப்பட்டார். சிறு வயதில் முதுகில் ஏற்பட்ட தழும்பைக் கண்டு பொதுக் குளியலறையில் பிள்ளைகள் கேலி செய்ததால், அவர் ஆற்றுக்குத் தனியே சென்று குளித்தார். அந்த ஆற்றோரத்து மரமொன்றில், கிடைத்த துண்டுப் பலகைகளைக் கொண்டு ஒரு பரண் வீடு கட்டினார். அதுவே அவருடைய முதற் கட்டடம். கனடா அரசு இக்கொடுமைக்கு மன்னிப்புக் கோரியது 1988இல்தான்.

தம்மைச் சிறைவைத்த அரசின் படைவீரர்களுக்கு நினைவில்லம் எழுப்பும் பணியை அவர் ஏற்றுக்கொண்டார். இதற்கு எத்தகைய நெஞ்சம் வேண்டும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

இவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். ரியாத் நகரில் பணிபுரியும் நம் சகோதரர்கள் பலர் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் சென்று காணும் சவூதி அரேபிய தேசிய அருங்காட்சியகம், 1999இல் திறக்கப்பட்டதே, அதுவும் மொரியாமாவின் படைப்புத்தான். பாலைவன மணற்குன்றின் விளிம்பைப் போல் வளைந்து செல்லும் அதன் நெடுஞ்சுவரைக் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ரியாதை ஒட்டிய வாதி ஹனீஃபா பள்ளத்தாக்கைக் குப்பையிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் மீட்டெடுத்த பணிக்காக 2010இல் ஆகா கான் கட்டடக்கலை விருது வழங்கப்பட்டபோது, அப்பணியில் அவருடைய நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது.

இனி, முன்னாள் படைவீரர்களிடம் வருவோம். கட்டடம் எழுவதற்கு முன்பே அவர்கள் தங்கள் குரலை உயர்த்தியிருந்தார்கள். 1997இல் பழைய அருங்காட்சியகத்தை விரிவாக்கி, யூத மக்களை நாஜிகள் கொன்றொழித்த வரலாற்றுக்கென ஒரு கூடம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அவ்வரலாற்றைத் தனி இடத்தில் சொல்லுங்கள், இது எங்கள் தோழர்களுக்குரிய இடம் என்று மூத்த வீரர்கள் வாதிட்டனர். நாடாளுமன்ற மேலவையின் குழு விசாரித்தது. மறு ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சர்ச்சையின் முடிவில்தான் புதிய கட்டடமே வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இப்படிப்பட்ட வீரர்கள், அலங்காரமற்ற இச்சாய்ந்த சுவர்களை ஏற்பார்களா? இந்த ஐயத்துக்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் வியட்நாம் போரில் மாண்டோருக்கு நினைவுச்சின்னம் அமைக்க 1981இல் போட்டி நடந்தது. வந்த 1,421 வடிவங்களுள் தேர்வானது மாயா லின் என்ற 21 வயது மாணவி வரைந்தது. நிலத்தினுள் இறங்கும் இரண்டு கருங்கற் சுவர்கள், அவற்றின்மீது மாண்டவர் பெயர்கள், வேறெதுவும் இல்லை. வியட்நாமில் போரிட்ட வீரர் ஒருவர், இது வெட்கத்தின் கறுப்புக் காயம் என்ற பொருள்பட அதிகாரபூர்வக் குழுவின் முன் சீறினார். எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த, மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை ஒன்றை அருகில் நிறுவ நேர்ந்தது. ஆனால் 1982 நவம்பரில் சுவர் திறக்கப்பட்டதும் நிகழ்ந்தது வேறு. கண்ணாடிபோல் மெருகேற்றிய கல்லில், தோழனின் பெயரோடு தம் முகமும் தெரியக் கண்ட வீரர்கள் அதன்மேல் நெற்றியைச் சாய்த்து அழுதார்கள். காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பெயரைப் படியெடுத்துச் சென்றார்கள். இன்று அச்சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இன்னொன்றும் சொல்லவேண்டும்: அந்தக் கருங்கல் போனது நம் பக்கத்துப் பெங்களூரிலிருந்துதான்!

ஒட்டாவாவிலும் மூத்த வீரர்களை ஆற்றுப்படுத்தும் இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் நினைவுக்கூடம். சிறிய அறை. முதல் உலகப்போரில் பிரான்சில் வீழ்ந்து, பெயர் தெரியாமலே புதைக்கப்பட்ட கனடிய வீரர் ஒருவரின் உடல் 2000ஆம் ஆண்டில் தாயகம் கொண்டுவரப்பட்டது. அவருடைய பழைய கல்லறையிலிருந்த கல் மட்டும் அவ்வறையின் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று, முதல் உலகப்போர் ஓய்ந்த அந்தக் காலை 11 மணிக்கு, ஒற்றைச் சாளரத்தின் வழியாக விழும் சூரிய ஒளி சரியாக அக்கல்லின்மேல் வந்து நிற்கும். அதைக் காணவே மக்கள் கூடுகிறார்கள்; வானம் மேகமூட்டமாயிருந்தால் ஒளி வராது, அவ்வளவுதான். கட்டடத்தின் உச்சியிலுள்ள சிறு சாளரங்களோ, மறவோம் என்னும் பொருளுடைய தொடரைத் தந்திக் குறியீடுகளாய் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே கான்கிரீட்டால் பெரும் சண்டை மூளவில்லை. சண்டை மூண்டது, அச்சுவர்களில் மாட்டப்பட்டவற்றால். இங்கேதான் தாங்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும் என விரும்புகிறேன்.

1993இல் அமைதிப்பணி என்ற பெயரில் சோமாலியா சென்றிருந்த கனடிய வான்குடைப் படையினர், முகாமுக்குள் நுழைந்த ஷிதானே அரோனே என்ற 16 வயது முஸ்லிம் சிறுவனைப் பிடித்துக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்து கொன்றனர். கொடுமை செய்தவர்கள் அதைப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். நாடே தலைகுனிந்தது, 1995இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டது. ஓவியர் கெர்ட்ரூட் கியர்ன்ஸ் அந்நிகழ்ச்சி குறித்துத் தீட்டிய ஓவியங்களைப் புதிய அருங்காட்சியகம் மாட்டியது. முன்னாள் வீரர் அமைப்புகளின் தேசிய மன்றத் தலைவராயிருந்த கிளிஃப் சாடர்ட்டன் கொதித்தெழுந்தார். இரண்டாம் உலகப்போரில் காலை இழந்தவர் அவர். சிலரின் குற்றத்தைக் காட்டி இலட்சக்கணக்கானோரின் தியாகத்தைக் கறைப்படுத்துவதா என்று கேட்டு, அருங்காட்சியகத்தைப் புறக்கணிக்குமாறு அழைத்தார். அருங்காட்சியகம் ஓவியங்களைக் கழற்ற மறுத்தது.

அடுத்த சண்டையில் வீரர்களே வென்றார்கள். ஜெர்மானிய நகரங்கள்மீது நேச நாடுகள் நடத்திய குண்டுவீச்சில் 6 இலட்சம் பேர் மாண்டனர், அதன் பயனும் நியாயமும் இன்றும் விவாதத்துக்குரியவை என்று ஒரு விளக்கப் பலகை கூறியது. நேச நாட்டுக் குண்டுவீச்சுப் படையில் பணிபுரிந்து மாண்ட கனடியர் சுமார் 10,000 பேர். இரவிரவாகப் பறந்து, காலையில் உணவு மேசையில் காலியான நாற்காலிகளைக் கண்டவர்கள், அப்பலகையைத் தங்களைக் கொலைகாரர் என்று சொல்வதாகவே படித்தார்கள். முதியவர்களின் அந்த வேதனையை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நான்கு வரலாற்றறிஞர்களிடம் கருத்துக் கேட்டும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. மேலவைக் குழு தலையிட்டபின், 2007இல் பலகையின் வாசகம் நீட்டப்பட்டு மென்மையாக்கப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், பலகையை மாற்றியது தவறு. ஓவியத்தைக் காத்தது சரி. நமக்கே எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சி பகர வேண்டுமென்று நம் மார்க்கம் நம்மீது கடமையாக்கியிருக்கிறது. அக்கடமையில் நம் சமுதாயம் எத்தனை முறை தவறியிருக்கிறது என்பதும் நாம் அறியாததன்று. அதனாலேயே, அந்த வீரர்களைக் குறைகூற எனக்கு நா எழவில்லை.

மொரியாமா 2023 செப்டம்பரில் தம் 93ஆம் வயதில் காலமானார். அரோனேயின் கோர முடிவைச் சொல்லும் அவ்வோவியங்கள், அவர் எழுப்பிய அருங்காட்சியகத்தின் உடைமைகளாகவே இருக்கின்றன.