சொட்டு மெதுவாகவே விழட்டும்!

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் வெடிப்பும் புண்ணும் புதிதல்ல. தூத்துக்குடிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். சர்க்கரை வியாதியும் சேர்ந்துவிட்டால் சின்னக் கீறல்கூடச் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றும்படி ஆகிவிடுகிறது.

அப்படிப் படுத்திருந்த உறவினர் ஒருவருக்குத் துணையாக இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவருக்கு 'வான்கோமைசின்' ஏறிக்கொண்டிருந்தது. "எம்புட்டு நேரந்தான் சொட்டுச் சொட்டா விழும்? வீட்ல புள்ளைங்க தனியா கெடக்கு" என்று அவர் மகள் டியூபிலிருந்த சக்கரத்தைத் திருகிவிட்டாள். பத்து நிமிஷத்தில் பெரியவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து ஒரே அரிப்பு! நர்ஸ் ஓடி வந்து மருந்தை நிறுத்தினார். "யம்மா, இத ஒரு மணி நேரத்துக்குக் கொறையாம ஏத்தணும். அவசரப்பட்டா பிரஷரே எறங்கிரும்" என்றார்.

போர்னியோ தீவின் மண்ணிலிருந்து கிடைத்த மருந்து இது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளுக்காக 1958-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வீரியம் அதிகம், அதனால் கவனமும் அதிகம் வேண்டும். அமிகாசின், ஜென்டாமைசின் போன்றவையும் அப்படித்தான். சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடும். நோயாளி எவ்வளவு சிறுநீர் கழிக்கிறார் என்று அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். "காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு", "தல சுத்துது" என்று சொன்னால் வயசுக்கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்களே என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று பார்க்கத்தான் அது.

ஊசி குத்திய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, எரிந்தாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள். முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் முதல் டோஸுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் அதையும் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் வீட்டிலிருக்கும் பழைய மாத்திரையைக் கொடுத்து நிறுத்தப் பார்ப்பது தப்பு. அதுவும் இந்த மருந்துகளால் வரக்கூடியதுதான்.

மறுநாள் பெரியவருக்கு மருந்து இன்னும் மெதுவாக ஏறியது. அரிப்பு இல்லை. மகள் பக்கத்து வீட்டம்மாளிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.