தொண்டை அடைப்பான்: காலத்தே இனங்காண்போம்

தொண்டை வலித்தால் உப்பு கலந்த வெந்நீரில் கொப்பளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நம் இல்லங்களின் வழக்கம். பெரும்பாலான வேளைகளில் அதுவே போதுமானதாகவும் அமைகிறது. ஆனால், எளிய தொண்டை வலியாகத் தொடங்கும் ஒரு நோய்க்கு அந்த இரண்டு நாள் தாமதமே வாய்ப்பாகிவிடும். அதுவே 'தொண்டை அடைப்பான்' எனப்படும் டிப்தீரியா. தடுப்பூசி வழக்கத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் கடந்தும் நம் நாட்டிலிருந்து இந்நோய் முற்றிலும் அகலவில்லை.

நுண்ணுயிரைவிட அதன் நச்சே கொடிது

இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியா பொதுவாகத் தொண்டையிலும் மூக்கிலுமே தங்கிவிடுகிறது. அது சுரக்கும் நச்சுதான் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. 1888ஆம் ஆண்டில் பாரிசில் எமில் ரூ, அலெக்சாந்தர் எர்சின் ஆகிய இருவரும் இவ்வுண்மையை நிறுவினர். பாக்டீரியாவை வடிகட்டி நீக்கிய நீர்மமே விலங்குகளைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. 1890இல் எமில் வான் பேரிங், கிடசாட்டோ ஷிபசாபுரோ ஆகியோர் நச்சை முறிக்கும் எதிர்நச்சினைப் பற்றி அறிவித்தனர். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பேரிங்குக்கு வழங்கப்பட்டது.

இம்மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் உலவும் நச்சை அது முறிக்கும். உயிரணுக்களுக்குள் புகுந்துவிட்ட நச்சின்மீது அதற்கு ஆற்றல் இல்லை. ஆகவே, இந்நோயில் ஒவ்வொரு நாளும் விலைமதிப்பற்றது.

அடையாளங்கள் யாவை?

நோய் தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாள்களில் தொண்டை வலி, விழுங்குவதில் துன்பம், சோர்வு, மிதமான காய்ச்சல் ஆகியவை தோன்றும். பின்னர் டான்சில்களின் மீது சாம்பல் கலந்த வெண்ணிறப் படலம் படர்கிறது. சாதாரண டான்சில் அழற்சியில் காணும் வெண்புள்ளிகள் பெரும்பாலும் டான்சில் அளவில் நின்றுவிடும். இப்படலமோ உள்நாக்கு, மேலண்ணம் வரை பரவக்கூடும். தசையோடு இறுக ஒட்டியிருக்கும். அகற்ற முயன்றால் இரத்தம் கசியும். எனவே வீட்டில் அதனைச் சுரண்டிப் பார்த்தல் கூடாது.

கடுமையான நிலையில் கழுத்து இருபுறமும் வீங்கிக் காளையின் கழுத்தைப்போல் தோன்றும். குரல் கம்மினாலோ, மூச்சு விடும்போது ஒலி எழுந்தாலோ, மூச்சுப்பாதை அடைபடத் தொடங்கியிருக்கலாம். காய்ச்சல் குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை.

ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கலாமா?

மருத்துவர் படலத்தின் விளிம்புக்கு அடியிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். அங்கு பாக்டீரியாவை வளர்த்து, அது நச்சு சுரக்கும் வகையா என்பதையும் ஆராய்வர். இதற்குச் சில நாள்கள் ஆகும். அதுவரை சிகிச்சை காத்திருப்பதில்லை. கண்ணால் கண்ட அடையாளங்களைக் கொண்டே எதிர்நச்சு மருந்து செலுத்தப்படுகிறது. ஆய்வக முடிவு பின்னர் வந்து அதனை உறுதிசெய்கிறது.

பெனிசிலின் அல்லது எரித்ரோமைசின் பாக்டீரியாவை அழிக்கும்; முன்னரே வெளிப்பட்ட நச்சை அழிக்காது. குதிரையின் குருதியிலிருந்து பெறப்படும் எதிர்நச்சு மருந்து ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால், உரிய வசதியுள்ள மருத்துவமனையில்தான் செலுத்த இயலும். அது எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் இருப்பதுமில்லை. ஐயம் எழுந்த உடனே பெரிய மருத்துவமனையை நாடுவது நலம்.

தொண்டை தெளிந்த பின்னரும் கவனம் வேண்டும். ஓரிரு வாரங்களில் இதயத்துடிப்பு சீர்கெடலாம். குடித்த நீர் மூக்கின் வழியே வெளிவருதலும், பேச்சு மூக்கொலியாக மாறுதலும் அண்ணத்தின் நரம்புகள் பாதிக்கப்பட்டமைக்கான அறிகுறிகள்.

தடுப்பூசியே அரண்

குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசியும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் 5 முதல் 6 வயதுக்குள்ளும் டி.பி.டி. ஊக்க ஊசிகளும், 10, 16 வயதுகளில் டெட்டனஸ்–டிப்தீரியா ஊசியும் அரசு மையங்களில் கட்டணமின்றி இடப்படுகின்றன. முதல் மூன்று ஊசிகளோடு நிறுத்திவிடும் பெற்றோர் பலர். காலப்போக்கில் எதிர்ப்பாற்றல் குறைவதால், பின்னர் இடும் ஊசிகளும் இன்றியமையாதவை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்போர் தங்களுக்கு அறிகுறி இல்லையெனினும் மருத்துவரை அணுகித் தடுப்பு மருந்து பெறவேண்டும்.

சேமிப்புக் கணக்கின் புத்தகத்தை நாம் அவ்வப்போது எடுத்துச் சரிபார்க்கிறோம். அதே பெட்டியில் உள்ள குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் இன்றே எடுத்துப் பார்ப்போம். விடுபட்ட ஊசி எதுவாயினும் இவ்வாரமே இடச்செய்வோம்.