டாக்டருக்கும் மைதானத்துக்கும் நடுவே

ஞாயிற்றுக்கிழமை காலையில் தியாகராயநகர் சோமசுந்தரம் மைதானத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரே மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருக்கும். எந்தப் பந்து எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது என்பது பிரம்மதேவனுக்கே வெளிச்சம்! அந்தக் கூட்டத்திலிருந்து நம் வீட்டுப் பிள்ளை காலை நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தால், சமையலறையிலிருந்து வைத்தியம் உடனே புறப்பட்டுவிடும். மஞ்சள் பற்று, உப்பு ஒத்தடம், எதிர் வீட்டு மாமி கொடுத்தனுப்பும் தைலம். மறுநாளும் வீக்கம் வடியாவிட்டால், சுளுக்கு வழிப்பதா, புத்தூர் கட்டுப் போடுவதா என்று கூடத்தில் மாநாடு கூடிவிடும்.

இப்போதெல்லாம் அந்த மாநாட்டில் புதிதாக ஒரு குரல் கேட்கிறது. "இரும்மா, எங்க டிரெயினர் சாரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்கிறான் பையன்.

யார் இந்த டிரெயினர்? அவர் வைத்தியர் அல்ல. ஆட்டம் சொல்லித் தரும் கோச்சும் அல்ல. மூட்டையும் தசையையும் சீர்ப்படுத்தும் பிஸியோதெரபிஸ்டும் அல்ல. ஆட்டத்துக்கு உடம்பைத் தயார் செய்கிறவர். அதாவது ஓட்டம், எடை தூக்குதல், ஓய்வு, உறக்கம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்துக்கொள்கிறவர். இந்த உத்தியோகத்தில் சென்னைக்கு நல்ல பெயர் உண்டு. 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்கு டிரெயினராக இருந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன் நம் ஊர்க்காரர். 2015 முதல் 2019 வரை அணியின் தேகப் பயிற்சியைக் கவனித்த பாசு சங்கரும் நம் ஊர்க்காரரே. அவர் டிரெயினராக இருந்தபோது பிஸியோவாக இருந்தவர் பாட்ரிக் ஃபர்ஹார்ட். ஒரே அணிக்கு எதற்கு இரண்டு பேர் என்று கேட்கத் தோன்றும். சமாசாரமே அங்கேதான் இருக்கிறது.

எலும்பு முறிந்ததா, தசை கிழிந்ததா என்று கண்டுபிடித்துச் சொல்வது டாக்டரின் வேலை. மடக்க முடியாத முழங்காலை மடக்க வைப்பது பிஸியோவின் வேலை. ஆனால் வீட்டுக்குள் நன்றாக நடக்கிற கால், மைதானத்தில் முழு வேகத்தில் ஓடித் திடீரென்று திரும்புமா? அதை மெல்ல மெல்லப் பழக்கிக்கொண்டு போகிறவர் டிரெயினர். டாக்டர் பிள்ளையைப் பார்ப்பது பத்து நிமிஷம். டிரெயினரோ தினமும் பார்க்கிறார். நேற்றைக்கு இன்று ஓட்டத்தில் ஒரு சிறு நொண்டல் கூடியிருந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். அந்த நொண்டலைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் டாக்டருக்குத் தெரிவிக்கிறவரே நல்ல டிரெயினர்.

இதற்கு ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் தொடங்கி நம் சேத்துப்பட்டில் வந்து சேரும் கதை!

டென்னிஸ் லில்லி என்ற வேகப்பந்து வீச்சாளர் 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடப் போனார். அங்கே முதுகு வலி அவரைப் படுக்க வைத்துவிட்டது. முதுகெலும்பில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்திருந்தன. இரும்புக் கம்பியை ஓயாமல் வளைத்தால் ஒரு நாள் விரிசல் விடுகிறதல்லவா, அந்த மாதிரி. வாரக்கணக்கில் உடம்பு மாவுக் கட்டில் இருந்தது. அவருடைய ஆட்டம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

எலும்பு கூடியது வைத்தியத்தால். ஆனால் ஆட்டக்காரரை மீட்டது பெர்த் நகரப் பல்கலைக்கழகத்தில் தேகப் பயிற்சி ஆசிரியராக இருந்த ஃபிராங்க் பைக் வகுத்த திட்டம். ஓட்டம், வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் அப்பியாசம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து வீச்சு என்று மாதக்கணக்கில் நடந்தது அது. அலுப்புத் தட்டும் வேலைதான். லில்லி அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். 1974 நவம்பரில் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் இறங்கினார். அந்தத் தொடரில் 25 விக்கெட்டுகள் எடுத்தார். ஓய்வு பெறும்போது 355 விக்கெட்டுகள், அந்நாளைய உலக சாதனை!

அந்த லில்லிதான் 1987-இல் சென்னைக்கு வந்து, சேத்துப்பட்டு கிறிஸ்துவக் கல்லூரிப் பள்ளி மைதானத்தில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து நிலையத்தில் நம் பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தார். ஸ்ரீநாத்தும் பிரசாத்தும் அங்கே பழகியவர்கள். 2012 வரை அந்த உறவு நீடித்தது. பந்து வீசும்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் திரும்பினால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும் என்று பெர்த் ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் நிரூபித்தார்கள். இதைக் கண்டு திருத்துவதற்கு டாக்டர், டிரெயினர், கோச் மூவரும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

நம் பாலாஜியை மறந்திருக்க மாட்டீர்கள். 2004 பாகிஸ்தான் பயணத்தில் சிரித்த முகத்தோடு நம் நெஞ்சைக் கவர்ந்தாரே, அந்த லக்ஷ்மிபதி பாலாஜி! அவரையும் இதே முதுகு வெடிப்பு நெடுநாள் ஒதுக்கி வைத்தது. வீசும் பாணியையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2008 மே 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்-ட்ரிக்கை எடுத்தவர் அவர்தான்.

பெண்ணைப் பெற்றவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடித் திரும்பிக் குதிக்கும் ஆட்டங்களில், முழங்காலுக்குள் இருக்கும் லிகமென்ட் கிழிவது ஆண் பிள்ளைகளைவிடப் பெண்களுக்கு அதிகம். நம் சென்னை ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா முழங்கால் காயத்தினால் ஆட்டத்தைவிட்டு ஒதுங்கி இருந்து மீண்டவர்; 2014-இல் கிளாஸ்கோவில் தீபிகா பள்ளிக்கலுடன் சேர்ந்து காமன்வெல்த் தங்கம் வாங்கினார். இந்தக் காயத்துக்கு அறுவை சிகிச்சை ஆன பின், 9 மாதம் முடியுமுன் ஆட வருகிறவர்களுக்கு மறுபடி அடிபடும் அபாயம் மிக அதிகம் என்று நார்வே ஆராய்ச்சி ஒன்று 2016-இல் எடுத்துக் காட்டியது. "டோர்னமென்ட் வருதும்மா, ஆறு மாசத்திலே விட்டுடு" என்று பெண் கெஞ்சினாலும் இளகாதீர்கள்.

அடிபடாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. அதே நார்வேயில் 13 முதல் 17 வயதுவரை உள்ள 1,900 கால்பந்துச் சிறுமிகளிடம் சோதித்தார்கள். ஆட்டத்துக்கு முன் 20 நிமிஷம் முறையான பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. குதித்தால் முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கு, முழங்கால் உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள் என்ற மாதிரி பாடங்கள்தாம். இதை நடத்துவதற்கு மிஷின் எதுவும் வேண்டாம். பொறுமையுள்ள டிரெயினர் ஒருவர் போதும்.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளில் சுடச்சுட ஒத்தடமும் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. கட்டுக் கட்டி, காலை உயர்த்தி வைக்கலாம். ஐஸ் வலியைக் குறைக்கும். ஆனால் 1978-இல் ஐஸை உலகம் முழுக்கப் பிரபலப்படுத்திய அமெரிக்க டாக்டர் மிர்கினே, அது குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்பாடு சொல்லிவிட்டார். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே அவசியம். கட்டுப் போடும் யோசனை அதற்குப் பிறகுதான்.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் இன்று தெருவுக்கு ஒரு அகாடமி. பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேளுங்கள். டிரெயினர் எங்கே படித்தார்? ஹாரி பக் 1920-இல் நிறுவிய, இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிக் கல்லூரி மாதிரி ஸ்தாபனம் நம் பக்கத்திலேயே இருக்கும்போது, பனியனில் 'டிரெயினர்' என்று அச்சடித்துக்கொண்டால் போதாது. பையன் வாரத்தில் எத்தனை ஓவர் வீசுகிறான் என்று எழுதி வைக்கிறார்களா? இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்துப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் 5 ஓவர், நாளுக்கு 10 என்று விதியே வகுத்திருக்கிறார்கள். நம் பிள்ளையோ காலையில் பள்ளி அணி, மாலையில் அகாடமி, ராத்திரி தெருவில் டென்னிஸ் பந்து! எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பவர் யாராவது இருக்க வேண்டாமா?

கடைசியாக, அடிபட்டால் எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள், எந்த பிஸியோவோடு பேசுவீர்கள் என்று கேளுங்கள். "டாக்டரெல்லாம் எதுக்கு மேடம்? நானே தேய்ச்சு விட்டுச் சரி பண்ணிடுவேன்" என்று பதில் வந்தால், கைப்பையை மூடிக்கொண்டு அடுத்த தெரு அகாடமிக்கு நடையைக் கட்டுங்கள்.